சிசேரியன் பிரசவம்: முதல் ஒப்பரேஷனும் அடுத்த பிள்ளையும்



கர்ப்பிணித் தாய்மார் கிளினிக் நடக்கும் நாளில் டிஸ்பென்சரித் திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால் ஒரு பேச்சு நிச்சயம் காதில் விழும். "மேல் கணக்குல அந்தப் புள்ளைக்கும் வவுத்த வெட்டித்தான் எடுத்தாங்களாம்" என்பார் ஒருவர். உடனே பெரியவர் ஒருவர் பதில் சொல்வார்: "நாங்க ஏழெட்டுப் பெத்தோம். ஒரு வவுத்தையும் கிழிக்கல. இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு வலி தாங்கத் தெரியல." கேட்டுக்கொண்டிருக்கும் இளம் தாய்மார் தலையைக் குனிந்துகொள்வார்கள். சிசேரியன் செய்த தாய் ஏதோ குற்றம் செய்தவள் போலவும், செய்யாதவள் வீரம் காட்டியவள் போலவும் ஆகிவிடுகிறது. இந்தப் பேச்சினால் வரும் கெடுதல் சிறியதல்ல. அது எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

பெரியவர்கள் சொல்வதை நாம் தட்டிவிடக் கூடாது. அவர்கள் லயத்துக் காம்பராவிலும் தோட்டத்துப் பிரசவ வாட்டிலும் பிள்ளை பெற்றது உண்மை. ஆனால் அதே அம்மாயிமாரிடம் பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பிறந்தது எத்தனை, தங்கியது எத்தனை? மூன்று நாள் வலியெடுத்துப் பிள்ளையும் வராமல் தாயும் பிழைக்காமல் போன கதை ஒன்றாவது அவர்களிடம் இருக்கும். கை முதலில் வந்த பிள்ளை, கொடி முதலில் வந்த பிள்ளை, பிள்ளைக்கு முன்னால் இரத்தமாகக் கொட்டிய தாய் என்று பெயர் சொல்லியே சொல்வார்கள். அந்தத் தாய்மாருக்கெல்லாம் வேண்டியிருந்தது இந்த ஒப்பரேஷன்தான். அந்த நேரத்தில் அது கிடைக்கவில்லை.

ஆகவே சிசேரியன் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை. யாருக்கு, எதற்காகச் செய்தார்கள், செய்த பிறகு என்ன கவனம் வேண்டும் என்பதே நமக்கு வேண்டிய கேள்வி.

உண்மையிலேயே கூடியிருக்கிறதா?

கூடித்தான் இருக்கிறது. நமது நாட்டில் 2006–07ஆம் ஆண்டு நடந்த குடித்தொகை சுகாதார ஆய்வில் நூறு பிரசவங்களில் சுமார் 24 சிசேரியனாக இருந்தன. 2016ஆம் ஆண்டு ஆய்வில் அது 32 ஆனது. அதாவது மூன்று தாய்மாரில் ஒருவர் என்ற அளவு. இது இலங்கையில் மட்டும் நடப்பதல்ல. உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் 1990ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு 7 ஆக இருந்தது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கணக்கில் அது 21. இப்படியே போனால் 2030இல் 29 ஆகும் என்றும் அந்த நிறுவனம் கூறியது.

எவ்வளவு இருந்தால் சரி? 1985இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர்கள், எந்தப் பிரதேசத்திலும் 10 முதல் 15 வீதத்துக்கு மேல் செல்ல நியாயமில்லை என்றார்கள். 2015இல் அதே நிறுவனம் விஷயத்தை மறுபடி ஆராய்ந்தது. ஒரு நாட்டில் சிசேரியன் 10 வீதம் வரை கூடும்போது தாய் சேய் மரணங்கள் குறைகின்றன, அதற்கு மேல் கூடுவதால் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்பது அதன் முடிவு. ஆனால் ஒரு குறிப்பிட்ட வீதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம், தேவைப்படும் ஒவ்வொரு தாய்க்கும் கிடைக்கச் செய்யுங்கள் என்றும் அது சேர்த்துச் சொன்னது. நாம் மறந்துவிடக் கூடாத வார்த்தை அது.

இன்னொன்று. பெரிய மகப்பேற்று ஆஸ்பத்திரி ஒன்றின் கணக்கைப் பார்த்து "அங்கே போனால் வெட்டிவிடுவார்கள்" என்று முடிவு கட்டக் கூடாது. கொழும்பில் 1879ஆம் ஆண்டு தொடங்கிய டி சொய்சா ஆஸ்பத்திரி போன்ற இடங்களுக்குச் சிக்கலான தாய்மாரைப் பல பக்கங்களிலிருந்தும் அனுப்பி வைக்கிறார்கள். இருதய நோய் உள்ளவர், இரட்டைப் பிள்ளை சுமப்பவர், பிரஷர் ஏறியவர், முன்பே இரண்டு தடவை ஒப்பரேஷன் செய்தவர் என்று கூடுகிற இடத்தில் ஒப்பரேஷனும் கூடுதலாகத்தான் இருக்கும். சிறிய ஆஸ்பத்திரியில் குறைவாக இருப்பதற்குக் காரணம் சில வேளை அங்கே தியேட்டரே இல்லாததுதான்.

இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்கு 2001ஆம் ஆண்டு மைக்கல் ரொப்சன் என்ற மகப்பேற்று வைத்தியர் ஒரு வழி சொன்னார். பிள்ளை பெறும் எல்லாத் தாய்மாரையும் பத்து வகையாகப் பிரித்துக் கணக்கு எழுத வேண்டும் என்றார். முதல் பிள்ளையா, முன்பு சிசேரியன் நடந்ததா, ஒரு பிள்ளையா இரட்டையா, தலை கீழே இருக்கிறதா, மாதம் நிறைந்ததா, வலி தானாக வந்ததா மருந்து கொடுத்து வரவழைத்ததா என்ற சில கேள்விகள்தான். கொழுந்து மடுவத்தில் ஆளுக்கு ஆள், மலைக்கு மலை கணக்கு எழுதுவது போலத்தான் இதுவும். மொத்த நிறையை மட்டும் பார்த்தால் எந்த மலை விளைந்தது, எந்த மலை காய்ந்தது என்று தெரியாதல்லவா? 2015இல் உலக சுகாதார நிறுவனம் இந்த முறையை எல்லா நாடுகளுக்கும் சிபாரிசு செய்தது.

இப்படிப் பிரித்துப் பார்த்தபோது பல நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் ஒரே விஷயம் தெரிய வந்தது. ஒப்பரேஷன் கணக்கில் பெரும் பங்கு, முன்பே ஒரு தடவை சிசேரியன் செய்துகொண்ட தாய்மாருடையது. அதாவது இன்று நடக்கும் சிசேரியன்களில் பெரும் பகுதி, சில வருடங்களுக்கு முன்னர் நடந்த முதல் சிசேரியனின் தொடர்ச்சி. முதல் ஒப்பரேஷன் அன்றோடு முடிவதில்லை. அந்தத் தாய் பெறப்போகும் பிள்ளைகள் எல்லோருடைய பிரசவத்தையும் அது தொடும். நாங்கள் இக்கட்டுரையில் சொல்ல வந்தது இதைத்தான்.

முதல் ஒப்பரேஷன் ஏன் செய்யப்படுகிறது?

நச்சுக்கொடி கருப்பையின் வாயை அடைத்துக்கொண்டிருந்தால் வேறு வழியே இல்லை. பிள்ளை குறுக்கே கிடந்தாலும், கொடி முன்னால் நழுவினாலும், வலி எடுத்து எடுத்தும் வழி திறக்காமல் நின்றாலும், பிள்ளையின் இருதயத் துடிப்பு இறங்கினாலும் டொக்டர் தாமதிக்க மாட்டார். கால் முதலில் வரும் பிள்ளைகளுக்கு முன்னரெல்லாம் பொறுத்துப் பார்ப்பார்கள். 2000ஆம் ஆண்டில் பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஆய்வு ஒன்றுக்குப் பின்னர் அவர்களில் பெரும்பாலானோருக்குச் சிசேரியனே செய்யப்படுகிறது. தாய்மாரின் வயது கூடியிருப்பதும், சீனி வருத்தமும் பிரஷரும் கூடியிருப்பதும் மற்றக் காரணங்கள்.

இவற்றோடு கேட்டு வாங்கும் சிசேரியனும் உண்டு. வலிக்குப் பயந்து கேட்பவர்கள் ஒரு பக்கம். மறு பக்கத்தில் நட்சத்திரமும் நேரமும் குறித்துக்கொண்டு வந்து "இந்த நேரத்துக்குள்ள எடுத்துக் கொடுங்க" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். காசு கட்டும் ஆஸ்பத்திரிகளில் இது நடக்கிறது. டவுனில் கடை வைத்திருப்பவர்களைப் பார்த்து இப்போது நமது ஆட்களும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். பிள்ளை 39 வாரம் நிறையுமுன் காரணமில்லாமல் எடுத்தால் மூச்சுத் திணறல் வரக்கூடும். அப்படி வந்த பிள்ளை குழந்தைகள் விசேட பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும்போது எந்த நட்சத்திரமும் வந்து பால் கொடுக்காது. (எங்களுக்கும் சாதகத்தில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. பிள்ளை பிறந்த நேரத்துக்குச் சாதகம் எழுதட்டும். சாதகத்துக்காகப் பிள்ளையைப் பிறக்க வைக்க வேண்டாம்.)

வயிற்றுத் தோலும் உள்ளே உள்ள தழும்பும்

ஒப்பரேஷன் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தே நடக்கிறது. தாய் விழித்திருப்பார், பிள்ளையின் அழுகையைக் கேட்பார். முதுகில் போடும் ஊசியினால் காலமெல்லாம் இடுப்பு வலி வரும் என்பது லயத்துப் பேச்சு. சிலருக்கு முதல் சில நாள் தலைவலி வரலாம், அதை மிஸ்ஸியிடம் சொன்னால் மருந்து கொடுப்பார். நாட்பட்ட இடுப்பு வலிக்குக் காரணத்தைத் தேடினால் தண்ணீர்க் குடத்திலும் விறகுக் கட்டிலும்தான் அது கிடைக்கும்.

முற்காலத்தில் கருப்பையை மேலிருந்து கீழாக வெட்டினார்கள். அந்தத் தழும்பு அடுத்த பிரசவத்தில் கிழிந்துவிடும் ஆபத்து மிகுதி. 1920களில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மன்றோ கெர் என்ற வைத்தியர், கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறையைப் பரப்பினார். இன்று பெரும்பாலும் நடப்பது அதுவே. ஆனால் சில நேரங்களில், விசேடமாக மாதம் நிறையாத பிள்ளையை எடுக்கும்போது, உள்ளே நெட்டாக வெட்ட வேண்டி வரலாம். தோலில் குறுக்குத் தழும்பு இருந்தாலும் உள்ளே எப்படி வெட்டியிருக்கிறது என்பது வெளியில் தெரியாது. அது எழுதப்பட்டிருப்பது ஆஸ்பத்திரியில் கொடுக்கும் டயக்னோசிஸ் கார்ட்டில்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

சிசேரியன் பெரிய ஒப்பரேஷன். இரத்தப் போக்கு, கிருமி பிடித்தல், காலில் இரத்தம் உறைதல் ஆகிய மூன்றும் சாதாரணப் பிரசவத்தை விட இதில் கூடுதல். ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை மிஸ்ஸிமார் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு மூன்று நாளில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பின்னர்தான் நமது பாடு.

காய்ச்சல், காயத்திலிருந்து சீழ் அல்லது தண்ணீர், கெட்ட வாடையோடு போக்கு, துணி மாற்றி மாற்றியும் நிற்காத இரத்தம், ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைச் சதையில் வலி, நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், தாங்க முடியாத தலைவலி, வலிப்பு. இவற்றில் எது வந்தாலும் கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016இல் தொடங்கிய இந்தச் சேவை 2019இல் எல்லா மாகாணத்துக்கும் வந்துவிட்டது. நமது ரோட்டுகளில் லயத்து வாசல் வரை அது ஏறாமல் போகலாம். ஆகவே கார் ரோட்டு வரை தூக்கிக்கொண்டு வர நாலு பேரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

காயத்தில் மஞ்சளோ சாம்பலோ எண்ணெயோ பூச வேண்டாம். குளித்து, ஈரத்தைத் துடைத்து, உலர்ந்த துணி உடுத்தினால் போதும். தாய்க்குக் காயம் அரைத்துக் கொடுக்கும் வழக்கத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். அளவோடு கொடுத்தால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் பத்தியம் என்று சொல்லி மீன், முட்டை, கீரையை நிறுத்துவதும், காயம் சீழ் பிடிக்கும் என்று தண்ணீரைக் குறைப்பதும் தவறு. நமது தாய்மாரில் பலர் கர்ப்பமாகும்போதே இரத்தம் குறைந்தவர்கள். ஒப்பரேஷனில் மேலும் இரத்தம் போயிருக்கும். காயம் ஆறுவதற்கும் பால் ஊறுவதற்கும் சாப்பாடுதான் மருந்து. ஒப்பரேஷன் செய்த தாய்க்குப் பால் வராது என்பதும் பொய். முதல் மணித்தியாலத்திலேயே பிள்ளையை மார்பில் போடலாம்.

ஆறு வாரத்துக்குப் பிள்ளையை விடப் பாரமான எதையும் தூக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லி அனுப்புவார். அவர் சொல்வது சரி. ஆனால் பைப்படி லயத்தின் கோடியில் இருக்கிறது, அதிலிருந்து இருபது படி ஏற வேண்டும். விறகு சவுக்கு மலையில் இருக்கிறது. இதை யார் செய்வது? வீட்டுக்காரர்தான் செய்ய வேண்டும். "பொம்பளை வேலை" என்று வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. ஆறு வாரம் குடம் தூக்கிய ஆண் பிள்ளைகள் யாரும் தேய்ந்துபோனதாக எங்களுக்குத் தெரியவில்லை.

மலைக்குத் திரும்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். படங்கு கட்டும் கயிறு சரியாகத் தழும்பின் மேல் வந்து உட்காரும். ஈரப் படங்கு நாள் முழுதும் அதில் உராயும். சிறிது மேலே, தளர்த்திக் கட்டிக்கொள்ளுங்கள், உள்ளே மெத்தென்ற பருத்தித் துணி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து இருபது கிலோ கொழுந்தோடு மடுவத்துக்கு இறங்குவதை முதல் கிழமைகளில் தவிர்த்து, இடையில் நிறுக்கும் இடத்தில் கொடுத்துவிட முடியுமா என்று கங்காணியிடம் கேளுங்கள். வெட்கப்படாமல் காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த பிள்ளை

இனித்தான் முக்கியமான பகுதி. ஒரு தடவை சிசேரியன் செய்தால் மறு தடவையும் கட்டாயம் சிசேரியன்தானா? இல்லை. குறுக்கு வெட்டுள்ள, வேறு சிக்கலில்லாத தாய்மாரைத் தெரிந்தெடுத்து முயற்சி செய்தால் நாலு பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்குச் சாதாரணமாகவே பிறக்கிறது. ஆனால் வலி எடுக்கும்போது பழைய தழும்பு பிரிந்துவிடும் ஆபத்து உண்டு. சுமார் இருநூறு பேரில் ஒருவருக்கு அது நடக்கிறது. நடந்தால் நிமிடக் கணக்கில் தியேட்டருக்குப் போக வேண்டும், இரத்தம் தயாராக இருக்க வேண்டும். ஆகவே இந்த முயற்சி லயத்திலோ, தியேட்டர் இல்லாத ஆஸ்பத்திரியிலோ நடக்கக் கூடாது. வலி எடுத்த பிறகு வேன் தேடி ஓடுவதும் கூடாது. தூரத்துக் கணக்கில் இருப்பவர்கள் வி.ஓ.ஜி. டொக்டர் குறித்துக் கொடுத்த நாளுக்கே போய் வாட்டில் சேர்ந்துவிட வேண்டும். "வலி வராம போயி அங்க என்னா செய்யிறது" என்று தங்கிவிடாதீர்கள். வலி வரவழைக்கக் கசாயம் குடிப்பது இவர்களுக்கு மிக ஆபத்தானது.

தழும்பு நன்றாகச் சேர்வதற்குக் காலம் வேண்டும். அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு வருடமாவது இடைவெளி விடுங்கள். லூப், ஊசி, கையில் வைக்கும் குச்சி என்று பல வழிகள் மருத்துவிச்சியிடம் உண்டு.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அடுத்த கர்ப்பத்தில் நச்சுக்கொடி கீழே இறங்கி, பழைய தழும்பின் மேலேயே ஒட்டிக்கொள்ளலாம். தழும்பில் அது வேர் விட்டது போல இறங்கிவிட்டால் பிள்ளை பிறந்த பின்னும் கழன்று வராது. இழுத்தால் இரத்தம் கொட்டும். அமெரிக்காவில் 2006இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் கண்டது இது: கீழே இறங்கிய நச்சுக்கொடியோடு வந்த தாய்மாரில், முன்பு ஒரு சிசேரியன் செய்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இப்படி வேர் விட்டிருந்தது. முன்பு இரண்டு செய்தவர்களில் அது நூற்றுக்கு 40. ஒவ்வொரு வெட்டும் அடுத்த ஆபத்தை எப்படி ஏற்றுகிறது பாருங்கள். முதல் ஒப்பரேஷனைக் காரணமில்லாமல் கேட்டு வாங்காதீர்கள் என்று நாங்கள் சொல்வது இதற்காகவே.

நமது பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். பெயரும் தோட்டமும் வேண்டாம். கொழும்பில் வேலை செய்த ஒரு சகோதரி, முதல் பிள்ளையை அங்கே சிசேரியனில் பெற்றார். மாமியார் அதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. "எங்க மருமவ சொகமா பெத்தா" என்றே சொல்லி வைத்திருந்தார். இரண்டாவது கர்ப்பத்தோடு தோட்டத்துக்கு வந்து ஐந்தாம் மாதத்தில் கிளினிக்குக்கு வந்தபோது, முதல் பிரசவம் எப்படி என்று மருத்துவிச்சி கேட்டார். மாமியார் பக்கத்தில் இருந்தார். "சாதாரணம்தான் மிஸ்ஸி" என்றார் அந்தப் பிள்ளை.

படுக்க வைத்து வயிற்றைப் பார்த்த உடனே தழும்பு தெரிந்துவிட்டது. மருத்துவிச்சி சத்தம் போடவில்லை. மாமியாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மெதுவாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கார்ட் கொழும்பில் தங்கியிருந்த அறையில் கிடந்தது. கொழுந்தனார் அதைத் தேடி எடுத்துப் போனில் படம் பிடித்து அனுப்பினார். கடிதத்தோடு வி.ஓ.ஜி. கிளினிக்குக்கு அனுப்பினோம். ஸ்கேனில் நச்சுக்கொடி கீழே, பழைய தழும்பின் மேல் இருப்பது தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். குறித்த நாளுக்கு முன்பே வாட்டில் வைத்து, இரத்தம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஒப்பரேஷன் செய்தார்கள். கருப்பையை எடுக்க வேண்டி வந்தது. தாயும் மகளும் நலமாக இருக்கிறார்கள். மகள் இப்போது எங்கள் பிள்ளைமடுவத்தில் எல்லோருடைய பணிஸையும் பறித்துத் தின்கிறாள்.

அந்தச் சகோதரி கிளினிக்குக்கு வராமலே இருந்திருந்தால், ஒரு ராத்திரி லயத்தில் இரத்தம் கொட்டியிருக்கும். அவர் ஏன் மறைத்தார்? டிஸ்பென்சரித் திண்ணையில் நாம் பேசும் அந்தப் பேச்சுக்குப் பயந்துதான். மாமியார்மாருக்கு எங்கள் தாழ்மையான வேண்டுகோள்: மருமகள் எப்படிப் பெற்றாள் என்பதில் உங்கள் கௌரவம் எதுவும் இல்லை.

கார்ட், கையெழுத்து, பாஷை

டயக்னோசிஸ் கார்ட்டைப் பிறப்புச் சான்றிதழோடு ஒரே பையில் போட்டு, கூரை ஒழுகாத இடத்தில் வையுங்கள். போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். வீட்டுக்கு வருமுன் டொக்டரிடமோ மிஸ்ஸியிடமோ மூன்று விஷயம் கேளுங்கள்: ஏன் ஒப்பரேஷன் செய்தீர்கள், உள்ளே எந்தப் பக்கமாக வெட்டினீர்கள், அடுத்த பிள்ளையைச் சாதாரணமாகப் பெற முயற்சி செய்யலாமா. தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு விளக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அவசரத்தில் ஆள் கிடைக்காவிட்டால், சிங்களம் தெரியாதவர்கள் இந்த ஒரு வசனத்தையாவது பாடமாக்கிக்கொள்ளுங்கள்: "மட்ட மீட்ட கலின் சிசேரியன் கரலா தியெனவா." எனக்கு இதற்கு முன் சிசேரியன் செய்திருக்கிறது என்று பொருள்.

கையெழுத்து வாங்கும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிசேரியனுக்குச் சம்மதம் வேறு, பிள்ளை பெறுவதை நிறுத்தும் எல்.ஆர்.டி. ஒப்பரேஷனுக்குச் சம்மதம் வேறு. வயிற்றைத் திறந்திருக்கும்போதே குழாயையும் கட்டிவிடுவது சுலபம் என்பதால் இரண்டையும் ஒன்றாகக் கேட்பதுண்டு. 1980களில் கருத்தடை செய்துகொண்டவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுத்த காலம் நமது தோட்டங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். விளங்காமல் கைநாட்டு வைத்துவிட்டுப் பின்னர் அழுத தாய்மாரை எங்களுக்குத் தெரியும். போதும் என்று நீங்களாகவே முடிவு செய்திருந்தால் எல்.ஆர்.டி. நல்ல வழிதான். மூன்றாவது சிசேரியனுக்கு வரும் தாய்க்கு டொக்டர் அதைச் சிபாரிசு செய்வதிலும் நியாயம் இருக்கிறது, மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள். ஆனால் அந்த முடிவை வலியில் துடிக்கும்போது, தியேட்டர் வாசலில் எடுக்கக் கூடாது. ஏழாம் எட்டாம் மாதத்திலேயே கணவன் மனைவி பேசி, கிளினிக்கில் கேட்டு, யோசித்து எடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். அதற்காகச் சிசேரியனை யாரும் மறுக்க முடியாது.

லீவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கும் உரியது. முன்பு மூன்றாவது பிள்ளை முதல் லீவு பாதியாகக் குறைந்தது. 2018இல் செய்த திருத்தத்தின் பின்னர் எத்தனையாவது பிள்ளையானாலும் 12 வாரம், அதாவது 84 நாள். சாதாரணப் பிரசவம், சிசேரியன் என்று அதில் வேறு வேறு கணக்கு இல்லை. ஒரு வயது வரை பிள்ளைக்குப் பால் கொடுக்க வேலை நேரத்தில் இடைவேளையும் உண்டு. 84 நாள் முடிந்தும் காயம் ஆறாதவர்கள், ஆஸ்பத்திரி டொக்டரிடம் மெடிக்கல் எடுத்துக்கொண்டு செக்ரோலில் பெயர் வெட்டப்படுமுன் ஒப்பீசுக்கு வந்து எங்களைச் சந்திக்கவும். வரும்போது டயக்னோசிஸ் கார்ட்டையும் கொண்டு வரவும்.